மலைப்பாதையும் வண்டியின் தாங்குகாலும்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்று கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அம்மலை பரந்து கிடக்கின்றது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அங்கு வாழும் மக்கள் தம் நிலப்பகுதிகளை 'நாடு' என்னும் பெயரால் வழங்குவர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு எனப் பல நாடுகள் அம்மலையில் உள்ளன. அவற்றுள் ஒன்று தேவனூர் நாடு. மிளகும் காப்பியும், வாழையும் பலாவும், சாமையும் மரவள்ளியும் விளையும் வளமான மலை அது.

மலையில் விளைந்த பொருள் சமவெளிச் சந்தைக்கு இறங்க வேண்டும். சமவெளியில் கிடைக்கும் உப்பும் துணியும் உரமும் மலைக்கு ஏற வேண்டும். பெரிய மருத்துவமனையை நாடும் நோயாளியும், உயர்கல்வியை நாடும் மாணவரும் மலையிறங்கிச் செல்ல வேண்டும். அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மேலேறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒரு வண்டி இப்பாதையில் ஒரு முறை ஏறி இறங்கினால் 140 முறை திரும்புகின்றது. நாள்தோறும் ஒரு முறை ஏறி இறங்கும் வண்டி ஓராண்டில் ஐம்பதாயிரம் முறைக்கு மேல் திரும்பும். ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியின் எடை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்குச் சாய்கின்றது. இவ்வளவு சாய்வையும் தாங்குவது எது?

மலைப்பாதையில் செல்லும் வண்டியைப் பற்றிப் பேசுவோர் எஞ்சினின் ஆற்றலைக் கேட்பர். பிரேக்கின் வன்மையைக் கேட்பர். சக்கரத்திற்கும் வண்டியின் உடலுக்கும் இடையே மறைந்து நின்று உழைக்கும் ஓர் உறுப்பைப் பற்றிக் கேட்போர் சிலரே. மெக்கானிக்குகள் அதனை 'ஸ்ட்ரட்' என்பர். வண்டியின் எடையைத் தாங்கிக் கால்போல் நிற்பதால் அதனை நாம் 'தாங்குகால்' என்று அழைக்கலாம். அது எவ்வாறு உழைக்கின்றது, எவ்வாறு தேய்கின்றது, தேய்ந்ததை எவ்வாறு மாற்றுவது என்பனவற்றை இனிக் காண்போம்.

தாங்குகாலின் முதற்பகுதி வில் ஆகும். வில் என்றவுடன் நமக்கு ஓரியின் நினைவு வருகின்றது. அவன் எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியது என்று புறநானூறு கூறுகின்றது. ஓர் அம்பிற்கு விசை எங்கிருந்து வருகின்றது? வீரன் தன் தோள்வலியால் நாணை இழுக்கின்றான், வில் வளைகின்றது. அவன் செலவிட்ட உழைப்பு அழிந்துவிடுவதில்லை. அது வளைந்த வில்லினுள் தங்கியிருக்கின்றது. நாணை விட்டவுடன் வில் நிமிர்கின்றது. தங்கியிருந்த ஆற்றல் அம்பைச் சார்ந்து பாய்கின்றது. வாங்கியதைத் திருப்பித் தருவதே வில்லின் இயல்பு.

வண்டியில் உள்ள ஸ்பிரிங்கும் இத்தகைய வில்லே. எஃகுக் கம்பியைத் திருகிச் செய்தால் அது சுருள்வில். எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்தால் அது பட்டைவில். லாரிப் பட்டறைகளில் இதனைச் சுருக்கமாகப் 'பட்டை' என்றே கூறுவர். வில் எவ்வளவு அமுங்குமோ அஃது அதன்மேல் வைத்த விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்னும் உண்மையை இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1804-ஆம் ஆண்டில் ஒபடையா எலியட் என்பவர் குதிரை வண்டிகளுக்கு வளைந்த பட்டைவில் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு வண்டிப் பயணம் உடலை நோகச் செய்யும் துன்பத்திலிருந்து பெரிதும் விடுபட்டது.

ஆயினும் வில் ஒன்றே போதுமா? போதாது. சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது வில் அமுங்குகின்றது. மேட்டைக் கடந்தவுடன் அது வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தருகின்றது. வண்டியின் உடல் மேலே எழும்புகின்றது, பின்னர்த் தாழ்கின்றது, மீண்டும் எழும்புகின்றது. மரக்கிளையில் கட்டிய ஊஞ்சலை ஒரு முறை தள்ளிவிட்டால் அது உடனே நிற்பதுண்டோ? பலமுறை ஆடிய பிறகே ஓய்கின்றது. வில் மட்டும் உள்ள வண்டியும் அவ்வாறே ஆடிக்கொண்டிருக்கும். முதல் ஆட்டம் அடங்குமுன் அடுத்த பள்ளம் வந்துவிட்டால் ஆட்டத்தின்மேல் ஆட்டம் சேர்ந்து பெருகும்.

இவ்வாட்டத்தை அடக்குவது தாங்குகாலின் இரண்டாம் பகுதி. இதனைப் பட்டறைகளில் 'ஷாக் அப்சார்பர்' என்பர். நாம் 'அதிர்வடக்கி' எனலாம். காற்றில் கையை வீசினால் எளிதாக வீசலாம். கிணற்று நீரில் இறங்கி, அதே கையை அதே வேகத்தில் வீச இயலுமா? நீர் தடுக்கின்றது. எவ்வளவு விரைந்து வீசுகின்றோமோ அவ்வளவு மிகுதியாகத் தடுக்கின்றது. அதிர்வடக்கியின் தத்துவம் இதுவே. எண்ணெய் நிறைந்த ஓர் உருளைக் குழாயினுள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் செல்கின்றது. பிஸ்டனில் சிறு துளைகளும் அவற்றை மூடித் திறக்கும் தட்டுகளும் உள்ளன. பிஸ்டன் நகர வேண்டுமானால் எண்ணெய் அத்துளைகளின் வழியே நெருக்கிக்கொண்டு செல்ல வேண்டும். அந்நெருக்கத்தில் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்து விடுகின்றது. கரடுமுரடான பாதையில் நெடுந்தூரம் வந்த வண்டியின் அதிர்வடக்கி சூடேறியிருப்பது இதனாலேயே.

ஆகவே வில்லும் அதிர்வடக்கியும் ஒன்றுக்கொன்று துணை. வில் எடையைத் தாங்குகின்றது. அதிர்வடக்கி ஆட்டத்தை அடக்குகின்றது. வில் இன்றேல் வண்டி நிற்காது. அதிர்வடக்கி இன்றேல் வண்டி நில்லாமல் ஆடும்.

இவ்விரண்டையும் ஒரே காலாக இணைத்து, சக்கரத்தை நிலைநிறுத்தும் பொறுப்பையும் அதனிடமே ஒப்படைத்த அமைப்பே இன்று பெரும்பாலான கார்களின் முன்பக்கத்தில் காணப்படும் தாங்குகால். இதனை வகுத்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் எர்ல் மெக்பெர்சன். அவர் பெயராலேயே இது வழங்கப்படுகின்றது. 1950-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஃபோர்டு நிறுவனம் அறிமுகப்படுத்திய கான்சல், செஃபிர் என்னும் கார்களில் இவ்வமைப்பு இடம்பெற்றது. உறுப்புகள் குறைவு, இடம் சிறிது, செலவும் சிறிது. ஆதலின் சிறிய கார்களும் விரைந்தோடும் ஸ்போர்ட்ஸ் கார்களும் ஒருங்கே இதனை ஏற்றுக்கொண்டன. 1963-ஆம் ஆண்டில் காட்சிக்கு வந்த போர்ஷே 911 முன்பக்கத்தில் தாங்குகாலைக் கொண்டிருந்தது. 1969-ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த டாட்சன் 240 இசட் நான்கு சக்கரங்களுக்கும் தாங்குகாலைக் கொண்டிருந்தது. 1983-ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டில் வெளிவந்த மாருதி 800 காரின் முன்சக்கரங்களும் இத்தகைய கால்களின்மேலேயே நின்றன.

தமிழகத்திலேயே செய்யப்பட்ட ஒரு காரையும் இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961-ஆம் ஆண்டு முதல் ஹெரால்டு என்னும் காரைச் செய்தது. அதன் முன்பக்கத்தில் சுருள்வில்லின் நடுவே அதிர்வடக்கி அமைந்த கூட்டு உறுப்பு இருந்தது. மேலும் கீழும் அமைந்த இரு கவைக் கைகள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டமையால் அது முழுமையான தாங்குகால் அன்று. எனினும் தேய்வதிலும் மாற்றப்படுவதிலும் தாங்குகாலை ஒத்தது. 1962-ஆம் ஆண்டில் பிரிட்டனில் பிறந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் இந்த ஹெரால்டு குடும்பத்தின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அமைத்ததே. ஆதலின் ஹெரால்டைப் பழுது பார்த்துப் பழகிய கைகள் ஸ்பிட்ஃபயரையும் அறிந்தனவாகும்.

ஹெரால்டின் பின்பக்க அமைப்பு மலைப்பாதைக்கு ஒரு பாடம் சொல்கின்றது. அதன் பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சுகளின் முனையில் இருந்தன. குறுக்கே கிடந்த ஒரு பட்டைவில் அவ்விரண்டையும் தாங்கியது. வளைவில் விரைந்து நுழைந்த ஓட்டுநர் அஞ்சித் திடீரென வேகத்தைக் குறைத்தால், வண்டியின் பின்பகுதி மேலெழும். சக்கரத்தின் அடிப்பகுதி உள்நோக்கி மடங்கும். டயரின் பிடிப்புக் குறையும். 1972-ஆம் ஆண்டில் இக்காருக்குப் பின் வந்த கெசல் என்னும் காரில் ஊசல் அச்சு கைவிடப்பட்டு, ஒரே தண்டாகிய பின்னச்சு பொருத்தப்பட்டது. எவ்வமைப்பாயினும் அதன் இயல்பை அறிந்து ஓட்டுதலும், அதன் உறுப்புகளைத் தேயாமல் காத்தலும் இன்றியமையாதன என்பது இதனால் விளங்கும்.

தாங்குகால் எவ்வாறு தேய்கின்றது? முதலில் பிஸ்டன் தண்டைச் சூழ்ந்துள்ள ரப்பர் வளையம் தேய்கின்றது. தண்டின்மேல் படியும் புழுதியும் சேறும் உரைத்தாள்போல் அதனைத் தேய்க்கின்றன. வளையம் தேய்ந்தவுடன் எண்ணெய் சிறிது சிறிதாகக் கசிகின்றது. உள்ளிருக்கும் தட்டுகள் தளர்கின்றன. எண்ணெயும் பன்முறை சூடேறித் தன் இயல்பில் குன்றுகின்றது. வில்லும் ஆண்டுகள் செல்லச் செல்ல உயரம் குறைகின்றது. அதன் அடிச்சுற்றில் நீரும் மண்ணும் தங்கித் துருப்பிடித்தால் அச்சுற்று முறிவதும் உண்டு. மேல்முனையில் உள்ள ரப்பர் மெத்தையும், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கால் சுழல்வதற்கு உதவும் பேரிங்கும் பழுதடைகின்றன. ஓடாமல் நிறுத்தி வைத்த பழைய கார் இத்தேய்விலிருந்து தப்பிவிடும் என்று எண்ணுதல் தவறு. ரப்பர் ஓட்டத்தால் மட்டும் கெடுவதன்று, காலத்தாலும் கெடும்.

இத்தேய்வு திடீரென்று நிகழ்வதன்று. நாள்தோறும் சிறிது சிறிதாக நிகழ்கின்றது. நாள்தோறும் காணும் குழந்தையின் வளர்ச்சி தாயின் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. அதுபோல, நாள்தோறும் ஓட்டும் வண்டியின் தளர்ச்சி ஓட்டுநரின் கைக்குத் தோன்றுவதில்லை. வண்டி சற்றே ஆடினால் அதற்கேற்பத் தம்மை அறியாமலே அவர் தம் கையை மாற்றிக்கொள்கின்றார். சமவெளிச் சாலையில் இதனால் பெருந்தீங்கு விளையாமல் போகலாம். மலைப்பாதையில் அவ்வாறன்று.

மலையிலிருந்து இறங்கும் வண்டியைக் கருதுவோம். சரிவினாலும் பிரேக்கினாலும் அதன் எடை முன்சக்கரங்களின்மேல் சாய்ந்திருக்கின்றது. வளைவில் திரும்பும்போது அவ்வெடையின் பெரும்பகுதி வெளிப்புறத்து முன்சக்கரம் ஒன்றின்மேல் வந்து விழுகின்றது. அப்போது அச்சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறுகின்றது. அதிர்வடக்கி நன்றாயிருப்பின் சக்கரம் உடனே சாலையைப் பற்றிக்கொள்ளும். அது கெட்டிருப்பின் சக்கரம் துள்ளும். துள்ளும் சக்கரம் சாலையைத் தொடாத நேரத்தில் பிரேக்கும் பயன்படாது, ஸ்டியரிங்கும் பயன்படாது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் கடக்கின்றது. கால் நொடி நேரம் பிடிப்பை இழந்தால், ஓட்டுநரின் விருப்பத்திற்கு அடங்காமல் வண்டி 2 மீட்டர் சென்றுவிடும். சமவெளியில் 2 மீட்டர் சிறிய தொலைவு. கொண்டை ஊசி வளைவின் விளிம்பில் அஃது உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தொலைவு.

ஆகையால் தேய்வின் அறிகுறிகளை அறிந்து வைத்தல் வேண்டும். வண்டியின் ஒரு முனையைக் கையால் அழுத்தி விட்டால், அஃது ஒரு முறை எழுந்து அமைதியடைய வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் அதிர்வடக்கி கெட்டுவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் இச்சோதனை மிகவும் கெட்டதையே காட்டும். பாதி கெட்டதைக் காட்டாது. எனவே வேறு அறிகுறிகளையும் நோக்க வேண்டும். பிரேக்கை அழுத்தும்போது வண்டியின் முன்பகுதி ஆழக் குனிவது ஓர் அறிகுறி. டயரின் மேற்பரப்பு ஒரே சீராகத் தேயாமல் இடையிடையே குழிவிழுந்து தேய்வது மற்றோர் அறிகுறி. குழாயின் வெளிப்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் பசை இருப்பது இயல்பே. எண்ணெய் வழிந்து ஈரமாகி, அதன்மேல் புழுதி அப்பியிருந்தால் அது கசிவு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டக்' என்னும் ஓசையோ, வில் சட்டென்று விடுபடும் ஓசையோ கேட்டால் மேல்முனைப் பேரிங்கை ஐயுற வேண்டும். சமதளத்தில் நிற்கும் வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து தோன்றினால் வில்லை நோக்க வேண்டும்.

தேய்ந்த தாங்குகாலை மாற்றுவது தேர்ந்த கைகள் செய்ய வேண்டிய தொழில். அதன் முறையை அறிந்திருத்தல் வண்டி வைத்திருப்போர்க்கும் அதில் செல்வோர்க்கும் நன்று. முதலில் வண்டியைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்த வேண்டும். மலைச்சரிவில் இவ்வேலையைத் தொடங்குதல் கூடாது. கைப்பிரேக்கை இழுத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். பின்னர் ஜாக்கியால் வண்டியை உயர்த்தி, அடிச்சட்டத்தின் கீழ் உறுதியான ஸ்டாண்டுகளை நிறுத்த வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே கை வைப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

சக்கரத்தைக் கழற்றியபின், தாங்குகாலின் அடியில் பிணைத்துள்ள பிரேக் குழாயையும், வேறு கம்பிகள் இருப்பின் அவற்றையும் விடுவிக்க வேண்டும். பிரேக்கின் உறுப்புகளை அவற்றின் ரப்பர்க் குழாயிலேயே தொங்கவிடுதல் கூடாது. கம்பியால் கட்டி நிறுத்த வேண்டும். கீழ்க்கைக்கு ஒரு முட்டுக் கொடுக்க வேண்டும். தாங்குகாலைச் சக்கரக் கட்டையுடன் இணைக்கும் போல்ட்டுகளின் நிலையைக் கழற்றுவதற்கு முன்னரே சுண்ணாம்பாலோ பெயிண்டாலோ குறித்துக்கொள்ளுதல் நன்று. சக்கரத்தின் சாய்வு அப்போல்ட்டுகளின் நிலையைப் பொறுத்தது. அதன்பின் கீழ்ப் போல்ட்டுகளையும், எஞ்சின் மூடியின் அடியில் தெரியும் மேல் நட்டுகளையும் கழற்றினால் கால் முழுவதும் வெளிவந்துவிடும்.

இனிச் செய்வதே இவ்வேலையில் மிகவும் இடர் நிறைந்த பகுதி. காலின் மேல் நடுவில் ஒரு நட்டு உள்ளது. அமுங்கிய சுருள்வில்லை அடக்கி வைத்திருப்பது அந்நட்டே. வில்லைக் கட்டாமல் அதனைக் கழற்றினால், சேர்த்து வைத்த ஆற்றல் அனைத்தும் ஒரே நொடியில் வெளிப்படும். ஒரு மில்லிமீட்டர் அமுக்குவதற்கு 25 நியூட்டன் விசை வேண்டும் ஒரு வில் 20 செண்டிமீட்டர் அமுங்கியிருப்பதாகக் கொள்வோம். அதனுள் 500 ஜூல் ஆற்றல் தங்கியிருக்கும். அது 50 கிலோ எடையுள்ள ஒரு மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமம். அத்தகைய அடி மார்பிலோ முகத்திலோ பட்டால் என்னாகும்? நாணேற்றிய வில்லின் முன் யாரும் நிற்பதில்லை. அமுங்கிய சுருள்வில்லும் நாணேற்றிய வில்லே.

ஆகையால் வில்லை அமுக்கும் கருவியை முதலில் பூட்ட வேண்டும். அதன் கொக்கிகள் வில்லின் இரு பக்கங்களிலும் நேர் எதிராக அமைய வேண்டும். ஒரு பக்கத் திருகைச் சிறிது முறுக்கியபின் மறு பக்கத் திருகைச் சிறிது முறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அமுக்கினால் வில் வளைந்து கொக்கியிலிருந்து நழுவும். வில்லின் இறுக்கம் மேல்தட்டை விட்டு நீங்கிய பின்னரே நடு நட்டைத் தொட வேண்டும். துருவேறிய கருவியையும் புரி தேய்ந்த கருவியையும் இவ்வேலைக்குப் பயன்படுத்துதல் ஆகாது.

புதிய அதிர்வடக்கியைப் பொருத்தும்போது, மேல் மெத்தை, பேரிங், புழுதி காக்கும் உறை, வில் முழுதும் அமுங்கும்போது தடுக்கும் ரப்பர்த் தடை ஆகியவற்றையும் ஆராய்ந்து, கெட்டவற்றை மாற்றிவிட வேண்டும். நூறு ரூபாய் ரப்பரைச் சேமிக்க முயன்று, ஆயிரக்கணக்கில் செலவிட்ட காலை மீண்டும் கழற்றுவது சிக்கனமன்று. வில்லின் முனை அதன் தட்டிலுள்ள பள்ளத்தில் சரியாக அமர வேண்டும். அமர்ந்தபின் நடு நட்டை முறுக்கி, அமுக்கும் கருவியை இரு பக்கமும் மாறி மாறித் தளர்த்த வேண்டும். காலை வண்டியில் பொருத்திய பின்னர், ஒவ்வொரு நட்டையும் அதற்குரிய அளவில் முறுக்க வேண்டும். அவ்வளவைக் காட்டும் ஸ்பானரும் பட்டறைகளில் உண்டு. கீழ்க்கையின் ரப்பர் புஷ்களைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால், வண்டி தன் எடையுடன் சக்கரங்களில் நிற்கும் நிலையில்தான் அவற்றை இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து விரைவில் கிழியும்.

இங்கே மறத்தலாகாத விதி ஒன்று உண்டு. ஒரே அச்சின் இரு பக்கக் கால்களையும் ஒருங்கே மாற்ற வேண்டும். வலப்பக்கம் புதிதாகவும் இடப்பக்கம் பழையதாகவும் இருந்தால், வண்டி ஒரு திருப்பத்தில் ஒரு விதமாகவும் மறு திருப்பத்தில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். கொல்லிமலைப் பாதையில் வலத்திருப்பமும் இடத்திருப்பமும் அடுத்தடுத்து வருகின்றன. ஓட்டுநரின் கை முதல் திருப்பத்தில் கற்ற பாடம் அடுத்த திருப்பத்தில் பொய்த்துப்போகும். ஒரு மாடு இளையதும் ஒரு மாடு கிழடுமாகப் பூட்டிய ஏர் நேரே செல்லுமோ? இரு கால்களையும் மாற்றிய பின்னர்ச் சக்கரங்களின் நேர்மையைக் கருவி கொண்டு சரிபார்த்தலும் இன்றியமையாதது. இதனைச் செய்யாது விட்டால் புதிய டயரும் சில மாதங்களில் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருப்போர்க்கு வேறொரு தொல்லையும் உண்டு. அக்கார்களைச் செய்த தொழிற்சாலைகள் பல மூடப்பட்டுவிட்டன; உறுப்புகள் எளிதிற் கிடைப்பதில்லை. ஹெரால்டைச் செய்த சென்னை நிறுவனமும் இன்று இல்லை. ஆயினும் பழைய தாங்குகால்கள் பலவற்றில் ஒரு வசதி உண்டு. அவற்றின் குழாய்த் தலையில் உள்ள பெரிய மரையைக் கழற்றினால், உள்ளிருக்கும் அதிர்வடக்கியை மட்டும் வெளியே எடுத்துப் புதியதை இடலாம். புறக்குழாயினுள் சிறிது எண்ணெய் ஊற்றினால், உள்ளே எழும் வெப்பம் புறத்தே பரவ அது துணை செய்யும். கிடைக்கின்றதே என்று வேறொரு காரின் வில்லை வாங்கிப் பூட்டுதலும், அழகு கருதி வில்லின் சுற்றுகளை அறுத்து வண்டியைத் தாழ்த்துதலும் தீங்கு பயப்பன. அறுத்த வில் தன் தட்டில் சரியாக அமராது. அமுங்குவதற்குப் போதிய இடமும் இராது. சோழவரத்திலும், 1990-ஆம் ஆண்டு முதல் இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயம் ஓட்டியோர் தம் கார்களின் வில்லை மாற்றியதுண்டு. அவர்கள் ஓட்டியது எதிரே வண்டி வாராத, பள்ளத்தாக்கு இல்லாத பந்தயத் தளம். மலைப்பாதை பந்தயத் தளம் அன்று. அங்கே எதிரே வருவது பள்ளிப் பிள்ளைகள் அமர்ந்த பேருந்தாகவும் இருக்கலாம். நோயாளியை ஏற்றிய ஊர்தியாகவும் இருக்கலாம்.

ஸ்போர்ட்ஸ் காருக்குச் சொன்ன உண்மை சரக்கு வண்டிக்கும் பேருந்துக்கும் பொருந்தும். அவற்றின் பட்டைவில்லுக்கும் அதிர்வடக்கி துணை வேண்டும். அளவுக்கு மீறிப் பலாவையும் வாழையையும் ஏற்றினால் வில் முழுதும் அமுங்கி, ரப்பர்த் தடையின்மேல் மோதியபடியே வண்டி செல்லும். அந்நிலையில் வில் இருந்தும் இல்லாதது போன்றதே. லாரிக்குக் கூடு கட்டும் தொழிலில் பெயர்பெற்ற நாமக்கல் மலையடிவாரத்திலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. அங்குள்ள பட்டறைகளில் பட்டையின் ஓசையைக் கேட்டே அதன் குறையைக் கூறும் முதிய தொழிலாளரைக் காணலாம். நூலறிவும் இத்தகைய கையறிவும் சேர்ந்தால்தான் ஒரு மலைவண்டி நலமாக இருக்கும்.

ஓரியின் காலத்தில் இம்மலையில் குதிரைகள் ஏறின. அவன் ஊர்ந்த குதிரைக்கும் ஓரி என்பதே பெயர் என்பர். கல்லும் மேடும் நிறைந்த பாதையின் அதிர்வைக் குதிரையின் கால்மூட்டும் தசையும் தாங்கின. குதிரையின் கால் நொந்தால் அது நொண்டித் தன் துன்பத்தைக் காட்டும். அறிவுடைய வீரன் உடனே இறங்கிவிடுவான். இன்று நாம் ஊரும் வண்டிக்கும் கால்கள் உள்ளன. ஆனால் அவை நொண்டிக் காட்டுவதில்லை. சிறு கசிவாலும், சிறு ஓசையாலும், டயரில் விழும் சிறு குழியாலும் மட்டுமே அவை தம் தளர்ச்சியைத் தெரிவிக்கின்றன. அம்மொழியைக் கற்றுக்கொள்ளுதல் நம் கடமை. தேய்ந்த காலை மலையடிவாரத்திலேயே மாற்றிக்கொண்டவன் எழுபது வளைவுகளையும் அமைதியாக ஏறி இறங்குவான். தேவனூர் நாட்டில் ஒரு வீட்டின் வாயிலில் அவனை எதிர்நோக்கி நிற்போர்க்கு அதனினும் பெரிய செல்வம் இல்லை.